நூற்றுக்கு ஒருவர்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முதுகுவலி மட்டும் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம்தான். போன தடவை மூன்றாவது நிமிடத்திலேயே "உன்னோட பேசறதுக்குச் செவுத்தோட பேசலாம்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறோம் என்று சொன்னேன் அல்லவா? இல்லாத ராஜ்யம் ஒன்றை நான் கற்பனை செய்து நடத்துகிறேன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள், கோட்டை பிடிப்பார்கள். கடிகாரம் ரிப்பேர் செய்பவர் மந்திரவாதி. ஆஸ்பத்திரி நர்ஸ் கொள்ளைக்காரி. என் பையன் நெட்டையன்தான் சேனாதிபதி.

போன வாரம் என் ராஜ்யத்தின் விவரத்தை வாசித்தேன். மக்கள் மூன்று லட்சம், படை எண்பதாயிரம். உடனே கடிகாரக்காரர், "அண்ணே, அத்தனை பேரும் கத்தியைத் தூக்கிக்கிட்டா யாருண்ணே சமைக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. மக்கள்தொகைக் கணக்கிலேயே இருபத்தாறு வருஷம் ஓட்டிய அக்காவை வைத்துக்கொண்டு நான் ஏன் இப்படி அசிங்கப்பட வேண்டும்? சரியான கணக்கு சொல்.

புதுப் படைச்சேவைச் சட்டத்தைப் பற்றி இங்கே ஒரே பேச்சு. ஊரின் தலைக்கணக்கில் நூற்றுக்கு ஒருவர் போக வேண்டும். இருபத்தைந்து வயதில் ஆரம்பித்து, எண்ணிக்கை நிறையும் வரை கீழே இறங்கி வருவார்களாம். நெட்டையனுக்குப் பத்தொன்பது. எல்லைச் சண்டைச் செய்தியைப் படித்துவிட்டு அவன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இருபத்தொன்றிலேயே நிறைந்துவிடும், அவன் வரைக்கும் வராது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன். உன் முதுகுவலிக்கு ஒரே மருந்து, அந்த நாற்காலியை விட்டு எழுந்து நடப்பது.

உன் ராஜ்யத்தைப் படித்தேன். சொல்லவே நாக்கு கூசுகிறது. மூன்று லட்சத்தில் பாதி பெண்கள். மிச்ச ஒன்றரை லட்சத்தில் பல் முளைக்காததும் பல் விழுந்ததும் அறுபதாயிரமாவது தேறும். பாக்கி இருப்பது தொண்ணூறாயிரம். அதில் எண்பதாயிரம் பேர் கையில் ஈட்டியைக் கொடுத்துவிட்டாய். பெண்கள் உழுவார்கள் என்பாய். உழுவார்கள், அறுப்பார்கள், பிள்ளை பெறுவார்கள், உன் எண்பதாயிரம் தடியன்களுக்கு மூன்று வேளை சமைத்தும் போடுவார்களா? இந்த ராஜ்யத்தை எதிரி வந்து அழிக்க வேண்டியதில்லை. அடுத்த அறுவடைக்குள் தானாகவே செத்துப்போகும்.

வருஷம் முழுக்க உட்கார வைத்துச் சோறு போடக்கூடிய படை நூற்றுக்கு ஒன்று. அதற்கு மேல் எடுத்தால் வயலிலிருந்து பிடுங்குகிறாய் என்று அர்த்தம். மூன்று லட்சத்துக்கு மூவாயிரம் பேர், முடிந்தது கதை.

இங்கேயும் இதே பேச்சுதான். படைத்துறையிலிருந்து ஒருவர் வாரம் இரண்டு தடவை வருகிறார். என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே, "மேடம், உங்க கூட்டல் முடிஞ்சாத்தான் எங்க வேட்டை ஆரம்பம்" என்கிறார். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. வீட்டுக்கு வெள்ளைத் தாள், ஆலை, விடுதி, ஆஸ்பத்திரிக்கு மஞ்சள் தாள். இரண்டையும் கூட்டி ஊர்வாரியாகக் கையெழுத்துப் போடுவது நான். கையெழுத்துப் போட்ட கையோடு சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், சத்தியமாக.

நெட்டையனைப் பற்றிக் கவலைப்படாதே. உன் ஊர்க் கணக்கும் என் மேஜை வழியாகத்தான் போகிறது. அவன் அம்மாவைச் சாப்பிடச் சொல்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேஜையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பல் முளைக்காததும் பல் விழுந்ததும் என்ற இடத்தில் நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். உன் மேல் எல்லோருக்கும் ஒரே மரியாதை. நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆனால் சேனாதிபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "மூவாயிரம் பேரை வச்சிக்கிட்டு நான் என்னப்பா பண்றது, வேலி கட்டவா?" என்று கேட்டான். அதனால் ஒரு யோசனை செய்தேன். நூற்றுக்கு ஒன்றுதானே விதி? தலைகளைக் கூட்டினால் போச்சு. மலைப்பக்கம் ஒரு சுரங்க நகரம் சேர்த்திருக்கிறேன். மக்கள் ஒன்றே கால் லட்சம். கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அட்டவணையை இணைத்திருக்கிறேன், ஒரு பார்வை பார்.

அவன் அம்மா இப்போது பரவாயில்லை. உன் வார்த்தை வேலை செய்கிறது. "அவங்களே கையெழுத்துப் போடறாங்கன்னா தப்பு நடக்காது" என்கிறாள்.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

சுகம் விசாரித்ததெல்லாம் சரி. உன் அட்டவணையைப் பார்த்ததும் இருந்த சுகமும் போய்விட்டது.

சுரங்க நகரத்து ஒன்றே கால் லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? கிராமங்களிலிருந்து என்று நீயே எழுதியிருக்கிறாய். சரி, கிராமங்களின் பட்டியலிலிருந்து அவர்களைக் கழித்தாயா? இல்லை! ஒருவன் கிராமத்திலும் இருக்கிறான், சுரங்கத்திலும் இருக்கிறான். ஒரு தலைக்கு இரண்டு கணக்கு. அந்தப் பொய்த் தலைகளுக்கும் சேர்த்து நூற்றுக்கு ஒன்று என்று ஆள் பிடிக்கிறாய். பொய்த் தலை ஈட்டி தூக்குமா? தூக்காது. அதற்குப் பதிலாக உண்மையான எவனோ ஒருவன், போக வேண்டாதவன், போவான். உனக்கு இது விளையாட்டு.

எங்கள் பிரிவில் நேற்றுச் சேர்ந்த பயிற்சிக்காரிகூட இதைச் செய்ய மாட்டாள். இருபத்தாறு வருஷத்தில் என் மேஜையைத் தாண்டி இப்படி ஒரு தாள் போனதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். பார்க்காத இடத்திலும் என் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

திருத்தி அனுப்பு. சேனாதிபதிக்கு என் அன்பு. வேலி கட்டுவதும் கௌரவமான வேலைதான் என்று அத்தை சொன்னதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

ஒதுக்கீடு வந்துவிட்டது. நம் ஊருக்கு இருநூற்றுப் பத்து பேர். நகர மன்ற வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். இருபத்தைந்திலிருந்து இருபத்தொன்று வரைக்கும் உடல் பரிசோதனையில் தேறியவர்கள் நூற்று அறுபத்தெட்டு. இருபது வயதுக்காரர்களையும் சேர்த்தால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மீதிப் பன்னிரண்டு பேரைப் பத்தொன்பதிலிருந்து எடுப்பார்களாம். பட்டியல் மார்ச் பதினாறாம் தேதி வரும், இருபதாம் தேதி கிளம்ப வேண்டும். அவன் அம்மா மறுபடியும் சாப்பாட்டைத் தொடுவதில்லை.

அக்கா, இருநூற்றுப் பத்து சரியா? நாம் அவ்வளவு பேரா இருக்கிறோம்? கொஞ்சம் பார்த்துச் சொல்.

உன் திருத்தத்தைப் படித்து வெட்கப்பட்டேன், மாற்றிய அட்டவணையை இணைத்திருக்கிறேன். ஆனால் அப்படித் தப்பு வருவது ரொம்பச் சுலபம். கணக்கெடுப்பு ஆள் எங்கள் நூற்பாலைக்கு வந்தபோது, நேர அலுவலகக் குமாஸ்தா என்ற முறையில் ஆறாயிரம் பெண்களின் பெயரையும் மஞ்சள் தாளில் எழுதிக் கொடுத்தது நான்தான். நாலு நாள் வேலை. அப்புறம் பார்த்தால் விடுதி வார்டன் அம்மாவும் ஒரு கட்டு மஞ்சள் தாளோடு நிற்கிறார். அத்தனை பெண்களும் விடுதியில்தானே தங்குகிறார்கள்! "ரெண்டும் ஒரே ஆளுங்கதானே சார்?" என்று கணக்கெடுப்பு ஆளிடம் கேட்டேன். "அதெல்லாம் மேல ஆபீஸ்ல பாத்துப்பாங்க" என்று இரண்டு கட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனார். மேலே நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில் நானும் விட்டுவிட்டேன். என் சுரங்கத்துக்குத்தான் அப்படி ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது.

சீக்கிரம் பதில் போடு.

உன் தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் மனைவியும் பிள்ளையும் நலமா? பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அலுவலகத்தில் வேலை அதிகம்.

உன் திருத்திய அட்டவணை நன்றாக இருக்கிறது. படை நகரும்போது தானிய வண்டிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள். பத்து வீரர்களுக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொண்டால் போதும். வண்டி இழுக்கும் மாட்டுக்கும் தீனி வேண்டும். அதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

ஒதுக்கீடு பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் போடுவது படைத்துறை. எங்களுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

நெட்டையனுக்கு இரண்டு ஜோடி கனமான காலுறை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எல்லைப் பக்கம் குளிர் என்கிறார்கள்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சௌக்கியமா? உன் கடிதத்தில் ஒரு திட்டுகூட இல்லாததைப் பார்த்து உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன்.

நெட்டையன் முந்தாநாள் போய்விட்டான். பன்னிரண்டில் ஒருவன். நகர மன்றத்துக்குப் பின்னால் ஆறு லாரிகள் நின்றன. ஆட்டைப் பார்ப்பது மாதிரி ஒருவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தான், இன்னொருவன் பையன்களின் கையில் சாக்பீஸால் எண் எழுதினான். எழுதியவன் எச்சில் தொட்டு அழித்து மறுபடி எழுதினான், அக்கா. என் பிள்ளையின் கையில். அவன் அம்மா லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடிகாரக்காரர்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

காலுறையைப் போட்டுக்கொண்டுதான் போனான். "அத்தைக்கு ஜோசியம் தெரியும்போல" என்று சிரித்தான். எனக்கும் தோன்றியது. பட்டியல் வந்தது பதினாறாம் தேதி. நீ பார்சல் போட்டது பதினாலாம் தேதி. உனக்கு முன்னாலேயே எப்படித் தெரியும்?

பதில் போடு.

உன் தம்பி


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டுப் போன மாதமே எழுதினேன். பதில் இல்லை.

போன ஞாயிறு மேஜையில் மறுபடியும் உட்கார்ந்தோம். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று நர்ஸ்தான் இழுத்து வந்தாள். சேனாதிபதி இல்லாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை. சுரங்கக் கணக்கையாவது இன்னொரு தடவை சரிபார்ப்போம் என்று உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு தலைக்கு இரண்டு கணக்கு. போக வேண்டாதவன் போவான். அந்த வரியில் என் பென்சில் நின்றுவிட்டது.

நம் ஊரில் வீடுகளில் இருப்பவர்கள் ஒன்பதாயிரம். நகர மன்றத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆலையில் ஆறாயிரம். ஆக மொத்தம் பதினைந்தாயிரம். நூற்றுக்கு ஒருவர் என்றால் நூற்று ஐம்பது. விடுதித் தாளில் இருக்கும் அதே ஆறாயிரத்தை இன்னொரு தடவை கூட்டினால் இருபத்தோராயிரம். நூற்றுக்கு ஒருவர் என்றால் இருநூற்றுப் பத்து.

நான் குமாஸ்தாதான். ஆனால் கூட்டத் தெரியும்.

நீ எப்போது கண்டுபிடித்தாய்? தேதி மட்டும் எழுது.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

மார்ச் ஒன்று.

உன் கடிதம் பிப்ரவரி இருபத்தெட்டு மாலை வந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக உங்கள் ஊர்க் கட்டை எடுத்தேன். இரண்டு மஞ்சள் கட்டு. ஒன்று உன் கையெழுத்தில். முப்பது வருஷமாகப் பார்க்கும் கையெழுத்து. இன்னொன்று வார்டன் எழுதியது. இரண்டிலும் முதல் பெயரும் ஒன்றே, கடைசிப் பெயரும் ஒன்றே. இரண்டையும் கூட்டியிருந்தேன். கீழே என் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நாற்பது ஊர் முடித்திருக்கிறேன். உங்கள் ஊர்த் தாளைப் பிரித்துப் பார்க்கவே இல்லை, மொத்தத்தை மட்டும் பார்த்தேன்.

பட்டியல் வர இன்னும் பதினைந்து நாள் இருந்தது. திருத்த அறிக்கை ஒரு பக்கம். எழுத அரை மணி நேரம்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். தம்பி மகனைக் காப்பாற்றத் தொகையைக் குறைத்தாள் என்று பேசுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம், கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். ஆனால் அது பொய். உண்மை என்னவென்றால், இருபத்தாறு வருஷத்தில் ஒரு திருத்த அறிக்கைகூட எழுதாதவள் நான். அந்தப் பெயர் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயிற்சிக்காரிக்கு முன்னால் தலை குனிய வேண்டுமே என்று பயந்தேன். இவ்வளவுதான். அதற்கு விலையாக உன் பிள்ளையை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்க் காலுறை வாங்கினேன். கடைக்காரன் "யாருக்கும்மா?" என்றான். "என் மருமகனுக்கு" என்றேன், வாய் கூசாமல்.

என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

அறிக்கையை இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி கொடுத்தேன், தேதி கேட்ட உன் கடிதம் வந்த மறுநாள். அதற்கு முன்பே கொடுத்தேன் என்று எழுதியிருக்கலாம், உனக்குத் தெரிந்திருக்காது. தலைமை அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, உங்க தம்பி அந்த ஊர்லதானே இருக்காரு?"

"ஆமா சார்."

"அவர் பையன்?"

"போயிட்டான் சார், போன மாசம்."

"போயிட்டானா? அப்ப திருத்தலாம். போகாம இருந்திருந்தாத்தான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக முத்திரை குத்தினார்.

நான் நகலை வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன்.

பதில் எழுத வேண்டும் என்று உன்னைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

அக்கா


மே 20

தம்பிக்கு,

நீ எழுதவில்லை. எழுத மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் முடிவை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

படைத்துறையிலிருந்து பதில் வந்துவிட்டது. திருத்தம் ஏற்கப்பட்டதாம். உங்கள் ஊரின் மக்கள்தொகை பதினைந்தாயிரம் என்று இனிமேல் எல்லாப் பதிவேட்டிலும் இருக்குமாம். கூடுதலாக எடுக்கப்பட்ட அறுபது பேரை அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கழித்துக்கொள்வார்களாம். அதாவது அடுத்த வருஷம் நூற்று ஐம்பதுக்குப் பதில் தொண்ணூறு பேர் போனால் போதும். ஆள் கணக்கு நேராகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். போனவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த பிஸ்கட் ஆள்தான் கடிதத்தைக் கொண்டுவந்தார். "சந்தோஷமா மேடம்? உங்க தப்பை நாங்க சரி பண்ணிட்டோம்" என்றார். தேநீர்க் கோப்பையை அவர் தலையில் கவிழ்க்கக் கை துடித்தது. கவிழ்க்கவில்லை. அதற்கும் எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்று மனு எழுதியிருக்கிறேன், அறுபது பேரின் பெயரும் போட்டு. என்னை மேஜையிலிருந்து எடுத்து, பழைய தாள் அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். மனு எழுத அங்கே நிறைய நேரம் கிடைக்கிறது.

அக்கா


மே 31

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொன்னாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

மனுக்களின் நகலை அனுப்பு. மற்ற வீடுகளிலும் கையெழுத்து வாங்குகிறேன். உனக்காக இல்லை.

நெட்டையன் கடிதம் வந்தது. எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. விரல் மரத்துப்போகிறதாம். அங்கே இருப்பவர்களில் தான்தான் சின்னவன் என்று எழுதியிருக்கிறான். உன் விலாசம் கேட்டிருக்கிறான், காலுறைக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். ஊர்க் கணக்கு ஒழுங்காக இருக்கும்படி அத்தை பார்த்துக்கொண்டாள் என்று அங்கே எல்லோரிடமும் பெருமையடிக்கிறானாம்.

விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். அவனுடைய விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அவனுக்கு நான் சொல்லப் போவதில்லை. அது உன் வேலை.

தம்பி


ஜூன் 8

அன்புள்ள நெட்டையா,

நலமா என்று கேட்கத்தான் ஆசை. கேட்க வாய் வரவில்லை. விரலை ஈரத்தோடு வைத்துக்கொள்ளாதே.

உன் நன்றிக் கடிதம் நேற்று வந்தது. அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அங்கே என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாயாமே. எல்லோரிடமும் போய் அதை மாற்றிச் சொல். உங்கள் ஊரில் ஆறாயிரம் பெண்களை நான் இரண்டு தடவை எண்ணினேன். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தேன். பதினைந்து நாள் இருந்தது, அரை மணி நேர வேலை, செய்யவில்லை.

உங்கள் ஊர்ப் பட்டியல் நூற்று ஐம்பதாவது பெயரோடு நின்றிருக்க வேண்டும்.

உன் எண் இருநூற்று மூன்று.

அத்தை